மரத்துக்குக் கட்டிய பாவாடை

மலேசியாவில் நான் இப்போது குடியிருக்கும் செனாவாங்கில் கூரை ஒழுகலை அடைக்கக் காய்ச்சிய தாரின் வாடை, இன்று இல்லாமல் போன எங்கள் சுவா ரப்பர் தோட்டத்தை நினைவூட்டியது. இரவு மழையில் ரப்பர் மரப்பட்டை நனைந்தால் மறுநாள் பால்வெட்டும் இல்லை, கூலியும் இல்லை. அன்று மட்டும் அம்மா வீட்டில் இருந்து, ஈரக்காற்று வரும் வாசலில் எனக்கு நிதானமாகத் தலைவாரி இரட்டைச்சடை போடுவார். நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, மரம் நனையாதிருக்க வெட்டுக்கு மேலே தகரம் கட்டிப் பார்த்தார்கள், ஒழுகியது. பிறகு மரத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாளைத் தாரால் ஒட்டினார்கள்.

"மரத்துக்குப் பாவாடை கட்டியாச்சு, இனி மழைக்கு லீவு இல்லலா!" என்றார் வேலையை மேற்பார்க்கும் மண்டோர்.

"எங்களுக்கு எப்ப மண்டோரே கட்டுவீங்க?" என்றார் அம்மா.

அடுத்த மழையிரவில், அந்தப் பாவாடையும் ஒழுகட்டும் என்று வேண்டிக்கொண்டே தூங்கினேன். விடிந்தபோது மூலையில் அம்மாவின் பால்வாளி இல்லை. சீப்பு மட்டும் என் தலைமாட்டில் இருந்தது.