மூடிக்கு மஞ்சள் பூசிய வாரம்

சல்லி ஊர் யோகராசாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே கண்ணிவெடி கொண்டுபோனது. மீதி உடம்பைத் துறைமுகத்துக்குப் பக்கத்து ஐஸ் தொழிற்சாலை பத்து வருடமாகத் தின்கிறது. ஐஸ் கட்டிகளைக் கொக்கியால் இழுத்து, தரையோடு தரையாக இருக்கும் நொறுக்கும் மெசினின் வாய்க்குள் தள்ளுவது அவர் வேலை. ஆள் விழாமல் அந்த வாய்க்கு ஓர் இரும்பு மூடி உண்டு. கட்டி நுழையும் அளவுக்கு மட்டும் அதில் வழி.

முகாமையாளர் பாக்கியரத்தினம் மாற்றுத்திறனாளி ஊழியர்களுக்காக உடற்பயிற்சி, பாதுகாப்பு வாரம் வைத்தார். அப்படிப்பட்ட ஊழியர்கள் இரண்டே பேர்: யோகராசா, ஐஸ் அள்ளும் காது கேளாத தேனுகா. காலையில் இருவரும் கையை மேலே தூக்கினார்கள், படம் எடுக்கப்பட்டது. வெள்ளிக்கிழமை விருந்தாளிகள் வருவதால் மூடியைக் கழற்றி மஞ்சள் பெயின்ற் பூசி வெயிலில் காயவைத்தார்கள். காயும்வரை மெசினை நிறுத்தவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வள்ளங்கள் ஐஸுக்குக் காத்து நின்றன.

ஈரத்தில் யோகராசாவின் செயற்கைக் கால் வழுக்கியது. மெசினின் பற்கள் முதலில் சப்பாத்தைக் கடித்தன, பிறகு காலை. அது நொறுங்க நொறுங்க, தொடையில் கட்டிய வார் தோலை அறுத்துக்கொண்டு அவரையும் உள்ளே இழுத்தது. தூணைக் கட்டிப்பிடித்துக் கத்தினார். தேனுகாவுக்குக் கேட்கவில்லை, ஐஸ் சிவந்ததைக் கண்டாள். நிறுத்தும் சுவிச் 'பாதுகாப்பே முதல்' என்ற பனருக்குப் பின்னால் இருந்தது. பனரைக் கிழித்துச் சுவிச்சை அடித்தாள், மெசின் நின்றது.

பாக்கியரத்தினம் ஓடிவந்தார்.

"பனரைக் கிழிச்சது ஆர்?"

பிறகுதான் இரத்தத்தைப் பார்த்தார். "கால் இல்லாத ஆளை வேலைக்கு வைச்சது என்ர பிழை. நாளையிலயிருந்து நீங்களும் வரவேண்டாம், அவவும் வரவேண்டாம்."

யோகராசா தொடை வாரை அவிழ்த்து, தூணைப் பிடித்து ஒற்றைக் காலில் எழும்பினார். ஐம்பது கிலோ கட்டிகளை இழுத்த கை முகாமையாளரின் கழுத்துப்பட்டியைப் பிடித்து, அவரை மெசின் வாய்க்கு மேலே சரித்தது. தேனுகாவின் கை இன்னும் சுவிச்சில்; மெசினை ஓட வைப்பதும் அதே சுவிச்தான்.

"தங்கச்சி, அதைத் தொடாதையுங்கோ," என்று பாக்கியரத்தினம் கெஞ்சினார். கெஞ்சியது அவளுக்கு எப்படிக் கேட்கும்.

"சேருக்கு ரெண்டு காலும் இருக்குதானே. இதில நிண்டு கையைத் தூக்குங்கோ பாப்பம்," என்றார் யோகராசா.

"விடுங்கோ அண்ணை. மூடியைக் கொண்டுவரச் சொல்லுறன்."

"அது இன்னும் காயேல்லையே, சேர்."

"காயாட்டிலும் பரவாயில்லை."

மூடி வந்தது. யோகராசா ஆஸ்பத்திரிக்குப் போனார். பாக்கியரத்தினம் பொலிசுக்குப் போனார்.

"எங்க வைச்சு மிரட்டினவர்?" என்று எழுதுகிற பொலிஸ்காரர் கேட்டார்.

"மெசின் வாய்க்கு மேல."

"ஏன், அதுக்கு மூடி இல்லையோ?"

முறைப்பாடு எழுதவேண்டாம், எங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்கிறோம் என்று பாக்கியரத்தினம் எழும்பிவிட்டார்.

தேனுகா மறுநாள் ஏழு மணிக்கே வேலைக்கு வந்தாள். யோகராசாவின் தொடையில் பதினொரு தையல். பிரித்த அன்றே ஊன்றுகோலோடு அவரும் வந்தார். ஏன் வந்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.