நானும் இருப்பேன் என்று சொன்ன டீச்சர்

முடிச்சூருக்கு உள்ளே தள்ளியிருந்த எங்கள் ஊரில் வயல்கள் பிளாட்டுகளாகிக்கொண்டிருந்த காலம். அரசுப் பள்ளியில் எட்டாவது முடித்திருந்தேன். அங்கே உருப்படியாக நடந்த ஒரே பாடம் கணக்குதான். கணக்கு டீச்சர் அஸ்தினாபுரத்திலிருந்து தாம்பரத்தில் பஸ் மாறி வருவார். மழை நாளில் எங்கள் தெரு ஆட்டோக்காரர் மெயின் ரோட்டில் காத்திருந்து அவரைச் சும்மாவே ஏற்றி வருவார். ஊருக்கே அவ்வளவு செல்லம்.

அந்த வருடம் தெருவில் பலர் பிள்ளைகளை மெட்ரிக் பள்ளிக்கு மாற்ற முடிவு செய்தார்கள். கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அம்மாவும் எனக்கு ஓர் இடம் பிடித்துவிட்டாள். வேனில் பள்ளிக்குப் போகப்போகிறேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

கோடை விடுமுறையில் டீச்சர் வீடு வீடாக வந்தார். எங்கள் வீட்டுப் பாயில் உட்கார்ந்து மோர் குடித்தார்.

"புள்ளைங்க குறைஞ்சா என் போஸ்ட்டைத் தூக்கிடுவாங்கம்மா. நீங்க இருந்தா நானும் இருப்பேன். இவளைப் பத்தாவது பாஸ் பண்ண வைக்கிறது என் பொறுப்பு."

அம்மா உருகிவிட்டாள். "டீச்சரம்மாவே வூடு தேடி வந்து கேக்குது. அதுக்கு மேல இன்னா வோணும்?" என்று மறுநாளே போய் மெட்ரிக் இடத்தை வேண்டாமென்று சொன்னாள். பிள்ளைகளை மாற்றவிருந்த மற்ற பெண்களையும் அவள்தான் பேசித் தடுத்தாள். நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாலும் உள்ளுக்குள் பெருமைதான். என்னை வேண்டுமென்று அதுவரை யாரும் வீடு தேடி வந்ததில்லை.

பள்ளி திறந்தது. டீச்சர் வரவில்லை. சில நாள் பார்த்துவிட்டு அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு தலைமையாசிரியரிடம் போனாள்.

"அவங்க வீட்டுப் பக்கமே மாறுதல் வாங்கிட்டாங்களே. லீவுக்கு முன்னாடியே எழுதிக் கொடுத்தாச்சு" என்றார் அவர்.

"அப்போ எங்க வூட்டுக்கு வந்தது?"

"ஆள் சேர்க்க எல்லா டீச்சரையும்தான் அனுப்பினேன். அது டியூட்டிம்மா."

"உன் பேச்சைக் கேட்டோம் பாரு" என்று தெருப் பெண்கள் அம்மாவை வறுத்தெடுத்தார்கள்.

கணக்கு டீச்சர் இடம் காலியாகவே கிடந்தது. அந்த நேரத்துக்கு விளையாட்டு சார் வந்து, சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வார். பத்தாவதில் மற்ற எல்லாவற்றிலும் தேறினேன். கணக்கில் போய்விட்டது.

ரிசல்ட் வந்த கையோடு தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் டீச்சரைப் பார்த்தேன். அவரே அடையாளம் கண்டு கூப்பிட்டார். மார்க் கேட்டார். சொன்னேன்.

"கணக்குலயா? என்கிட்ட படிச்ச பொண்ணா?" உண்மையாகவே வருத்தப்பட்டார். அந்த வருத்தத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "உக்காந்து போட்டுப் பார்த்திருக்க மாட்டே" என்று வேறு செல்லமாகக் கடிந்துகொண்டார்.

எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, கேட்டுவிட்டேன். "எங்க வீட்டுக்கு வந்து, இருப்பேன்னு சொன்னீங்களே டீச்சர்?"

அவர் மழுப்பவில்லை. நெற்றியைச் சுருக்கி, நிஜமாகவே யோசித்துப் பார்த்தார்.

"உங்க வீட்டுக்கு வந்திருக்கேனா?" என்றார்.