மெல்ல மிதி, தம்பி

என் அண்ணனின் மனைவி இராசமலருக்கு அறுபத்திரண்டு வயது. நான் மச்சாள் என்றுதான் கூப்பிடுவேன். பாலையூற்றில் எங்களுக்கு அடுத்த வளவில் இருக்கிறார். விடிய இடியப்பம் அவித்து மூன்று கடைகளுக்குக் கொடுப்பார். வாய் பொல்லாதது. இடியப்பம் கொஞ்சம் கடினமாக இருக்கிறது என்று ஒரு கடைக்காரர் சொன்னதற்கு, "அப்ப பல்லைக் கட்டிக்கொண்டு வாங்கோ" என்றவர்.

பிள்ளைகள் இல்லை. அண்ணன் சிவகுருநாதன் துறைமுகத்தில் கப்பலுக்குச் சுமை ஏற்றி இறக்கினவர். கலியாணம் முடித்து இரண்டு வருசம். தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் ஒரு காலை வேலைக்குப் போனவர், திரும்பி வரவில்லை. தேடாத இடமில்லை. ஒரு படம் சுவரில் இருக்கிறது, மச்சாள் அதை அதிகம் பார்ப்பதில்லை. "படம் கதைக்குமே?" என்பார்.

கதைப்பது ஒரு கசெற். அண்ணன் காணாமல் போவதற்கு முந்தின வருசம் துறைமுகத் தொழிலாளர் கூட்டத்தில் சங்கத் தலைவர் சோமசேகரம் ஐயா பேசினதை அவர்தான் பதிவு செய்தார். நாள் கூலிக்கு நின்றவர்களை நிரந்தரமாக்கச் சொல்லிக் கேட்ட பேச்சு. அதற்குப் பிறகுதான் நூற்றுச் சொச்சம் பேருக்கு வேலை நிரந்தரமானது. பழைய ஆட்கள் இன்றைக்கும் அந்தப் பேச்சைச் சொல்வார்கள். முடிகிற நேரம் ஐயாவுக்குத் தொண்டை அடைத்துவிட்டது. றெக்கோடரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற அண்ணன் அப்போது சத்தம் வைத்தார்: "ஐயா, ஆறுதலாத் தண்ணி குடிச்சிட்டுக் கதையுங்கோ. நாங்கள் ஒருத்தரும் போக மாட்டம்!"

அண்ணனின் குரல் இந்த உலகத்தில் மிஞ்சி இருப்பது அவ்வளவுதான்.

பிறகு சண்டையில் இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலத்தில் கரண்ட் இல்லை. சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றிவிட்டு நான் மிதிப்பேன். டைனமோவிலிருந்து வயர் றெக்கோடருக்குப் போகும். அண்ணனின் இடம் கிட்ட வந்ததும் மச்சாள் கையை உயர்த்துவார். "மெல்ல மிதி, தம்பி. இன்னும் மெல்ல. ம்." ஏன் என்று நான் கேட்டதில்லை. வேகமாக மிதித்தால் ஏச்சு விழும், அது மட்டும் தெரியும். பிறகு றெக்கோடர் பழுதாகி, கசெற் பிஸ்கற் பேணிக்குள் போனது. இருபது வருசமாக யாரும் கேட்கவில்லை.

இந்த வருசம் என் மகள் கீர்த்தனிக்கு வகுப்பில் ஒரு வீடியோ செய்யக் கொடுத்தார்கள். பழைய பேச்சு ஒன்றை எடுக்க வேண்டும். ஆளின் படம் இருக்கக் கூடாது. பேசுகிற சொற்கள் மட்டும் குரலோடு சேர்ந்து திரையில் வந்து ஆடிப் போகவேண்டும். உரத்துச் சொன்ன சொல் பெரிதாக வரும், தாழ்த்திச் சொன்னது சின்னதாக வரும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். இதென்ன கூத்து என்றேன். அவள் என்னை விட்டுவிட்டு நேரே பெரியம்மாவிடம் போய்க் கசெற்றைக் கேட்டாள்.

"நாடா அறுந்தா?"

"கவனமாச் செய்வன், பெரியம்மா."

"கவனமாப் போட்டு வாறன் எண்டுதான் உன்ர பெரியப்பாவும் சொன்னவர்."

மூன்றாம் நாள் பேணியைத் தானே கொண்டுவந்து அவள் கையில் வைத்தார். "அவர்ர இடம் தெளிவாக் கேக்க வேணும். எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கீர்த்தனி வீடியோவைக் காட்டினாள். மச்சாள் நல்ல சேலை உடுத்து வந்து கதிரையில் இருந்தார். தொடக்கத்தில் ஐயாவின் குரல் குரலாகவே இருந்தது. போகப்போக வேகம் பிடித்தது. எழுத்துகளும் பெருத்துப் பெருத்துப் பாய்ந்தன.

"ஐயாவுக்கு ஆவேசம் கூடுது, பாருங்கோ. மிஸ்ஸும் இந்த இடம்தான் நல்லாயிருக்கு எண்டவ" என்றாள் கீர்த்தனி.

கடைசியில் கீச்சென்று ஒரு குரல் வந்து போனது.

"ஆரடி இது?"

"பெரியப்பா."

"இது அணில்." மச்சாள் எழும்பினார். வாசல் வரைக்கும் போய் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நாடாவுக்குள்ள இருந்து அவரும் போயிட்டார் போல" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை.

எனக்குக் கோபம் வந்தது. என்னத்தைச் செய்து துலைத்தாய் என்று மகளை ஏசத்தான் வாயெடுத்தேன். அந்த நேரம் என் கால் மிதித்த மிதி ஞாபகம் வந்தது.

"பிள்ளை, ஐயா ஒருநாளும் ஆவேசப்படாத மனுசன். பற்றரிதான் செத்தது."

அண்ணன் புதுப் பற்றரி போடுகிறவரில்லை. பழையதைக் கூரைத் தகரத்தில் வைத்து வெயிலில் காயப்போட்டு, வாற உயிரை வைத்து வேலை எடுப்பார். அன்றைக்கும் அதுதான். பேச்சு நீள நீளப் பற்றரி இறங்க, நாடா மெல்ல மெல்லச் சுற்றியே பதிந்திருக்கிறது. அதை இப்போது ஒழுங்கான வேகத்தில் ஓட்டினால் குரல் ஓடத்தானே செய்யும். முகாமில் மச்சாள் அதைக் காதாலேயே கண்டுபிடித்து, என் காலை வைத்துத் திருத்தியிருக்கிறார். அவருக்குப் பற்றரிக் கதை தெரியாது. புருசனின் குரல் தெரியும்.

மச்சாளைத் திரும்பக் கூட்டிவந்து இருத்தினேன். கீர்த்தனி கணினியில் வேகத்தைக் குறைத்துக்கொண்டு வந்தாள். மச்சாள் கண்ணை மூடிக் கையை உயர்த்தினார்.

"மெல்ல. இன்னும். ஐயோ, இப்ப மாடு கத்துது. கொஞ்சம் கூட்டு. ம்."

*ஐயா, ஆறுதலாத் தண்ணி குடிச்சிட்டு...*

கை அப்படியே நின்றது. ஏழு தரம் போடச் சொன்னார். நான் வெளியே போய், நான் ஓட்டுகிற ஓட்டோவைத் துடைத்தேன். துடைக்க அதில் அழுக்கு ஒன்றும் இருக்கவில்லை.

குரல் மாறினதால் கடைசிப் பகுதி எழுத்து முழுவதையும் கீர்த்தனி திரும்பச் செய்தாள். ஒரு கிழமை சென்றது. மறுபடி காட்டும்போது ஐயாவின் சொற்கள் ஆறுதலாக நடந்து வந்தன. அண்ணனின் வரி கீழ் மூலையில் எழும்பி, மற்ற எழுத்துகளைப் போலவே திரைக்கு வெளியே பறந்து போனது.

"ஏன் போகுது?" என்றார் மச்சாள்.

"எல்லா எழுத்தும் வந்து போகும், பெரியம்மா."

"மற்றதெல்லாம் போகட்டும். இதைப் போக விடாத."

"மூண்டு செக்கனுக்கு மேல ஒண்டும் அசையாம நிக்கக் கூடாது. மார்க்ஸ் வெட்டுவினம்."

"சரி பிள்ளை, உன்ர படிப்பு" என்று மச்சாள் சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

கீர்த்தனிக்கு எட்டு மார்க்ஸ் வெட்டினார்கள். பெரியம்மாவிடம் அவள் அதைச் சொல்லவில்லை, என்னையும் சொல்ல வேண்டாம் என்றாள். வீடியோவை மட்டும் என் போனில் போட்டுத் தந்தாள். அண்ணனின் வரி வந்த இடத்திலேயே நிற்கிறது. அதற்கு மேலே ஐயாவின் சொற்கள் வந்துவந்து போகின்றன.

காலையில் நான் ஓட்டோவில் இடியப்பம் ஏற்றப் போகிற நேரம் மச்சாள் போனைக் கேட்டு வாங்குவார். அடுப்பு ஆவி பட்ட திரையைச் சேலையால் துடைப்பார். வீடியோ முடிய முதலே விரலால் நிற்பாட்டிவிடுவார், முடிந்தால் எழுத்துப் போய்விடும். கொஞ்ச நேரத்தில் போன் தானாக அணையும்.

"உன்ர போனுக்கு என்ன அவசரம், தம்பி?" என்று திரும்பவும் தட்டுவார்.