தலையை எழுப்பும் புகழ்

பெரிய மனிதர் ஒருவருக்கு உத்தமபாளையத்தில் பாராட்டுக் கூட்டம் போட்டார்கள். யுத்தத்துக்கு ஆள் பிடித்துக் கொடுத்ததற்காக வெள்ளைக்காரன் அவருக்குப் பட்டம் தந்திருந்தான். அவர் பிடித்துக் கொடுத்த ஆட்களில் நானும் ஒருவன். உயிரோடு திரும்பிவிட்டதால் என்னையும் மேடையில் ஏற்றியிருந்தார்கள்.

முதலில் ஒரு புலவர் வாழ்த்துப்பா வாசித்தார். பெரிய மனிதரின் வள்ளல் கையைப் பார்த்து மழை வெட்கியதாம். கற்பக மரம் தலைகுனிந்ததாம். ஊர் அரிசிக்கு ரேஷன் கடையில் நின்றபோது நெல்லைக் குதிரில் பூட்டிவைத்த கை அது. மழை வெட்கியதில் வியப்பில்லை. போன மாதம் புலவர் இதே பாட்டை ஒரு தாசில்தாருக்கும் வாசித்திருந்தார். பெயரை மட்டும் மாற்றியிருந்தார்.

புகழ் என்றால் என்னவென்று பர்மாப் போர்முனையில், ராணுவ ஆஸ்பத்திரியில் நான் கேட்டிருந்தேன். பக்கத்துக் கட்டிலில் ஆப்பிரிக்காவின் யொருபா இனத்துச் சிப்பாய் ஒருவன் காய்ச்சலில் நினைவின்றிக் கிடந்தான். அவன் ஊர்க்காரன் வந்து காதருகே ராகமாக ஏதோ சொல்ல, கிடந்தவன் கண்ணைத் திறந்தான். என்ன அது என்று வந்தவனிடம் அரைகுறை இங்கிலீஷில் கேட்டேன்.

ஒரிக்கி என்றான், வம்சப் புகழ். நம் விதியைச் சுமக்கும் இன்னொரு தலை நமக்குள்ளே இருக்கிறது. முன்னோரைச் சொல்லிப் புகழ்ந்தால் அது விழிக்கும், செத்தவர்களும் வந்து துணை நிற்பார்கள். பாட்டன் சண்டைக்காரன் என்றால் அதையும் சொல்ல வேண்டும். பொய்யைக் கேட்டு யார் வருவார் என்றான்.

உத்தமபாளையத்தில் என் முறை வந்தது. பெரிய மனிதரின் குடும்பம் எங்கள் ஊர்க் குடும்பம்தான். ஒரிக்கி மாதிரியே புகழ்ந்தேன்:

"காமயகவுண்டன்பட்டியில அடுத்தவுக தோட்டத்துல கமலை மாட்டை ஓட்டித் தண்ணி இறைச்சுக் கை காய்ச்சுப்போன மனுசன் பெத்த பிள்ளை! மோர்ப்பானையத் தலையில வச்சுத் தெருத்தெருவா நடந்து மகனைப் படிக்கவச்ச ஆத்தாளோட பிள்ளை!"

பெரிய மனிதரின் முகம் கறுத்தது. "ஏலே, எங்கப்பனை எதுக்குடா இங்கன இழுக்குற?" என்றார். கற்பக மரத்துக்கு அப்பன் இருந்தது அவமானம். இரண்டு பேர் என்னைக் கீழே இறக்கினார்கள். புலவர் தோளில் சால்வை விழுந்தது.

மறுநாள் பெரிய மனிதரின் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். கூட்டத்தில் பெண்கள் பக்கம் இருந்திருக்கிறார்.

"தம்பி, எங்களைப் பெத்த அய்யா பேச்சை எடுக்க அந்த வீட்டுல ஆளில்ல. நேத்துச் சொன்னதை இன்னொருக்கச் சொல்லுய்யா."

சொன்னேன். மோர்ப்பானை வந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "அய்யா கள்ளு குடிச்சுட்டு மாட்டோட சண்டை போடுவாக. அதையும் சேத்துக்க," என்று சிரித்தார்.

சேர்த்துக்கொண்டு முதலிலிருந்து சொன்னேன்.