துண்டுகளை ஏற்றிக்கொண்டு போன பஸ்

எங்கள் பஸ்ஸில் வேலை பார்த்த ஒருவர்கூட பஸ் வேலைக்கு நேர்வழியில் வந்தவர் இல்லை. கோட்டக்குப்பத்திலிருந்து மரக்காணம் போய்த் திரும்பும் தனியார் டவுன் பஸ் அது. முதலாளி மரக்காணத்தில் உப்பளம் வைத்திருந்தவர். மழை பிடித்துக்கொண்டால் பாத்தியில் தண்ணீர் நிற்கும், வருமானமும் நிற்கும். உப்பு கரையும், பஸ் கரையாது என்று யோசித்து ஒரு பழைய வண்டியை வாங்கி ஓடவிட்டார். கண்டக்டர் அதற்கு முன்னால் கல்யாண வீடுகளில் பிரியாணி பரிமாறியவர். கடைசிப் பந்தியில் மூலையில் இருக்கும் ஆளுக்குக் கறி வந்ததா என்று கழுத்தை நீட்டித் தேடுவாரே, அதே பார்வையோடுதான் டிக்கெட் வாங்காதவர்களைத் தேடுவார். கூட்டம் நெரியும்போது "உள்ள போங்க, உள்ள இன்னும் எடம் இருக்குது" என்று அவர் தள்ளுவதைப் பார்த்தால் பிரியாணி தேக்சாப் பாத்திரத்தில் சோற்றை அமுக்குவது போலவே இருக்கும்.

டிரைவராக வந்து சேர்ந்தவர் என் சாச்சா. அப்பாவை நாங்கள் அத்தா என்போம், அத்தாவின் தம்பி சாச்சா. ஏசி மெக்கானிக் என்று விசா எடுத்து வளைகுடாவுக்குப் போனவர். ஏசியை அவர் அதுவரை அணைத்துப் பார்த்ததுகூட இல்லை. போய் இறங்கியதும் பஸ் கழுவச் சொன்னார்கள். கழுவிய பஸ்ஸை நகர்த்தி நிறுத்த ஆள் வராத ஒருநாள் இவரே நகர்த்தினார். நகர்த்தியதில் ருசி கண்டு லைசென்ஸ் எடுத்தார். கடைசியில் தொழிலாளர்கள் தங்கும் கேம்பிலிருந்து கட்டட வேலைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் நீளமான பஸ் அவர் கைக்கு வந்தது.

நான் கணக்கு படித்துவிட்டு இப்போது சென்னையில் பஸ்களுக்கு நேர அட்டவணை போடும் அலுவலகத்தில் பயிற்சியில் இருக்கிறேன். "இந்த ஃபீல்டுக்கு எப்படி வந்தீங்க?" என்று புதிதாகப் பார்க்கிறவர்கள் கேட்பார்கள். சுற்றுச்சூழல், நகர வளர்ச்சி என்று ஏதாவது சொல்லிவைப்பேன். மனசுக்குள் ஓடுவது என்னவோ ஐந்தாம் வகுப்புக் காலாண்டு லீவில் நடந்த இந்த விஷயம்தான்.

சாச்சா ஊர் திரும்பியபோது அவர் மகளுக்கு நான்கு வயது. அவள் தொட்டிலில் கிடந்தபோது ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனதோடு சரி. அவளைப் பொறுத்தவரை அத்தா என்பவர் போனுக்குள் இருப்பவர். சாயங்காலம் வருவார், பல்லைக் காட்டுவார், முத்தம் வாங்கிக்கொள்வார், போய்விடுவார். திடீரென்று ஒரு நெட்டை மனிதர் பெட்டியோடு வீட்டுக்குள் நுழைந்து "வாம்மா, அத்தாகிட்ட வா" என்று கையை நீட்டியதும் கதவுக்குப் பின்னால் ஓடிப்போய் ஒளிந்துகொண்டாள். அங்கிருந்தபடியே தன் அம்மாவின், அதாவது சாச்சியின், போனைக் கேட்டு அழுதாள். அத்தாவைக் கூப்பிட்டு, வீட்டுக்குள் யாரோ வந்துவிட்டார் என்று சொல்ல வேண்டுமாம்.

வேறு வழியில்லாமல் சாச்சா மாடிக்குப் போய் அங்கிருந்து வீடியோ கால் செய்தார். இவள் கீழே கூடத்தில் உட்கார்ந்து அன்று என்ன சாப்பிட்டாள் என்பதிலிருந்து எல்லாம் சொன்னாள். பிறகு போனை வாய்க்குக் கிட்டே வைத்துக்கொண்டு, "அந்த ஆளு இன்னும் போவல அத்தா" என்றாள். எங்களுக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. சாச்சா மட்டும் மாடியிலிருந்து இறங்கி வர வெகுநேரம் ஆனது.

இனிமேல் போகவே வேண்டாம் என்று சாச்சி பிடிவாதமாக இருந்தார். பழைய கேம்பிலிருந்தோ திரும்பி வரச்சொல்லி நாள் தவறாமல் போன் வந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் உப்பள முதலாளியின் பஸ்ஸுக்கு டிரைவர் தேவைப்பட்டது. காலை நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டே சாச்சா என் அத்தாவிடம் கேட்டார்.

"இங்க இருந்தா ஒளியிறா. அங்க இருந்தா முத்தம் குடுக்குறா. எது நல்லதுன்னு நீங்களே சொல்லுங்கண்ணே."

"மொதல்ல இந்த வேலைல நில்லு. அப்புறம் பாக்கலாம்" என்றார் அத்தா.

முதல் நாள் நானும் சாச்சாவோடு கிளம்பினேன். லீவு நாள், பஸ் என்றால் எனக்கு அப்போதே பைத்தியம். சாச்சா போனதும் பழக்க தோஷத்தில் வண்டியின் இடதுபக்கம் நின்று டிரைவர் கதவைத் தேடினார். அங்கே இருந்தது பயணிகள் ஏறும் படிக்கட்டுதான். "பாய், ஸ்டியரிங்கு இந்தப் பக்கம் இருக்குது. நம்ம நாட்டுக்கு வந்துட்டீங்க" என்றார் கண்டக்டர்.

அந்த பஸ் ஏழு பத்துக்குப் புறப்பட வேண்டும் என்று ஒரு நேரம் இருந்தது. யாரும் அதைத் தொந்தரவு செய்ததில்லை. பழைய டிரைவர் எதிர்க்கடையில் இரண்டாவது டீயைக் குடித்து முடித்தால் பஸ் கிளம்பும். அதனால் வருகிறவர்கள் ஜன்னல் வழியாகத் துண்டையோ பையையோ சீட்டில் போட்டுவிட்டு நிம்மதியாக டீக்கடைக்குப் போய்விடுவார்கள். துண்டு விழுந்த சீட்டு, பத்திரம் பதிந்த நிலம் மாதிரி. மீன்கார அம்மா ஒருவர், பாண்டிச்சேரி ஏலத்தில் எடுத்த மீன்கூடையைப் பின்சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு வெற்றிலை வாங்கப் போவார்.

கேம்ப் பஸ்ஸில் கண்டக்டர் கிடையாது, விசில் கிடையாது. கடிகாரம் சொன்னால் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். சாச்சா கடிகாரத்தைப் பார்த்தார். பிஸ்மி சொன்னார். கியரைப் போட்டார்.

டீக்கடையில் நின்ற அத்தனை பேரும், கண்டக்டர் உட்பட, அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். புது டிரைவர் வண்டியைத் திருப்பி நிறுத்தப் போகிறார் என்று நினைத்தார்களாம்.

நான் முன்சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தேன். சீட்டுக்குச் சீட்டு துண்டு, பை, ஒரு குடை, சுருட்டிவைத்த கோரைப்பாய் ஒன்று. மனுசர் ஒருவரும் இல்லை. எனக்குப் பயமே வரவில்லை. கண்டிப்பான பஸ் என்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று பெருமையாக இருந்தது.

"நேரத்துக்கு வராதவங்கள உட்டுட்டு வந்துட்டோம் இல்ல சாச்சா?"

"பின்ன? பஸ்ஸு யாருக்காகவும் நிக்கக் கூடாது."

சாச்சா கண்ணாடியில் பார்க்காமல் இல்லை. சீட்டு முதுகில் தொங்கிய துண்டுகளெல்லாம் அவருக்குத் தலைகளாகத் தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவு அமைதியான பயணிகளை அவர் கேம்பில்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

கீழ்புத்துப்பட்டில் நிறுத்தினார். ஒரு பெரியவரும் இரண்டு பெண்களும் நாலைந்து பையன்களும் ஏறினார்கள். ஏறியவர்கள் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அத்தனை சீட்டும் காலி. அத்தனை பேரும் நிற்கிறார்கள்.

"உக்காருங்க தாத்தா" என்றேன்.

"துண்டு போட்டிருக்குதும்மா" என்றார் பெரியவர், நான் ஏதோ அடுத்தவர் வீட்டுக்குள் போகச் சொன்னதுபோல.

அடுத்தடுத்த நிறுத்தங்களிலும் ஆள் ஏறி ஏறி நின்றார்கள். உப்பளம் கண்ணில் படும்போது நடுவழி நிறைந்துவிட்டது. பெரியவர் நெடுநேரம் கையில் சில்லறையை வைத்துக்கொண்டு பார்த்துவிட்டு, "ஏம்பா, கண்டக்டர் எங்க?" என்று கேட்டார்.

"யாரு?" என்றார் சாச்சா.

அவர் 'யாரு' என்று கேட்டு வாய் மூடுவதற்குள் பின்னாலிருந்து விசில் சத்தம் வந்தது. பஸ்ஸுக்குள்ளிருந்து இல்லை, ரோட்டிலிருந்து. பாண்டிச்சேரியில் உப்பை இறக்கிவிட்டு வெறுமனே திரும்பிக்கொண்டிருந்த ஒரு லாரி எங்களை முட்டுவதுபோல வந்தது. லாரியின் மேலே துண்டுக்காரர்கள் மொத்தப் பேரும் நின்றிருந்தார்கள். கேபினுக்கு மேலே நெஞ்சை வைத்துச் சாய்ந்தபடி கண்டக்டர், கன்னம் உப்ப விசில் ஊதிக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கண்டக்டர் லாரியிலிருந்து பஸ்ஸுக்கு ஹோல்டான் கொடுத்தார்.

சாச்சா ஓரமாக நிறுத்தினார். லாரியிலிருந்து முதலில் இறங்கியது மீன்கார அம்மா. உடம்பெல்லாம் உப்புத்தூள்.

"இன்னாப்பா பாய்! மீனு ஊருக்குப் போவுது, மீன்காரி ரோட்டுல நிக்குறேன். அது போயி தானா வித்துக்குமா?"

"நான் இல்லாம பஸ்ஸு எப்படிங்க போவும்?" என்று கண்டக்டர் எல்லோரையும் பார்த்துக் கேட்டார். போய்விட்டதே என்பதுதான் அவருக்கு ரொம்ப வலித்தது. "இந்த டிரைவர் இருந்தா நான் இல்ல. கல்யாண வீடு எனக்கு எங்கயும் ஓடிப் போயிடல."

மழை வருமுன் உப்புக் குவியல்களைக் கீற்றுப் போட்டு மூடிக்கொண்டிருந்த முதலாளி, கூச்சல் கேட்டு வரப்போடு நடந்து வந்தார். எல்லார் கதையையும் கேட்டார். பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்து, காலி சீட்டுகளுக்கு நடுவே கம்பியைப் பிடித்து நின்றவர்களைக் கண்டதும் வாயைக் கையால் மூடிக்கொண்டார். சிரிப்பு அடங்கிய பிறகு முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார்.

"நாளைக்கு நானே வந்து ஏறுறேன். ஏழு பத்துன்னா ஏழு பத்துக்கு எடுக்கணும். ஆளோட எடுக்கணும். ரெண்டுல ஒண்ணு தப்புனாலும் சாவிய என் கைல குடுத்துட்டுப் போயிடு பாய்."

அன்று சாயங்காலம் சாச்சா வழக்கம்போல மாடியிலிருந்து மகளைக் கூப்பிட்டார். நான் அவர் பக்கத்தில்தான் இருந்தேன். சரியில்லாத முகத்தைச் சரிசெய்துகொண்டு பல்லைக் காட்டினார். அவர் இப்போது பஸ் ஓட்டுகிறார் என்று அவளிடம் யாரோ சொல்லியிருந்தார்கள்.

"உன் பஸ்ஸ காட்டு அத்தா."

"காலைல அம்மாவோட பஸ்ஸு நிக்கிற கடைத்தெருவுக்கு வா. காட்டுறேன்."

"அந்த ஆளு வந்தா?"

"அந்த ஆள நான் பாத்துக்குறேன்" என்றார் சாச்சா.

போனை அணைத்துவிட்டு, "நாளைக்கும் அவ ஒளிஞ்சான்னா, கேம்புக்குச் சரின்னு சொல்லிட வேண்டியதுதான்" என்றார். என்னிடம் சொன்னாரா, தண்ணீர்த் தொட்டியிடம் சொன்னாரா தெரியவில்லை. எனக்கு அதிலெல்லாம் கவனம் இல்லை. ஏழு பத்துக்கு எடுப்பாரா என்பதுதான் என் ஒரே கவலை.

மறுநாள் அப்படி ஒரு அதிசயத்தை அந்தக் கடைத்தெரு பார்த்திருக்காது. ஏழு மணிக்கே பஸ் நிறைந்துவிட்டது. ஒரு துண்டுகூட சீட்டில் இல்லை. எல்லாம் தோளிலேயே இருந்தன. டீக்கடைக்காரர் கிளாஸ்களோடு ஜன்னல் ஜன்னலாக ஓடினார். மீன்கார அம்மா கூடையை மடியில் வைக்காத குறையாக அணைத்துக்கொண்டிருந்தார். முதலாளி முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்டக்டர் நேற்றைய கோபத்தைப் படிக்கட்டில் நின்றபடி காத்துவந்தார்.

ஏழு பத்து. கண்டக்டர் ஒரு விசில் கொடுத்தார், தெரு முழுக்கக் கேட்கும்படி. "ரைட்!"

பஸ் நகரவில்லை.

சாச்சா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் இன்னொரு விசில் கொடுத்தார்.

"பாய், நேத்து நான் இல்லாமலே எடுத்தீங்க. இன்னிக்கு விசில் ஊதுனாலும் எடுக்கலன்னா எப்படி?"

"இன்னும் ஒரு ஆள் வரணும்."

"யாரு அந்த விஐபி?" என்றார் மீன்கார அம்மா. "நேத்து கவருமெண்டு பஸ்ஸு மாதிரி பறந்த. இன்னிக்கு யாருக்குப்பா வெயிட்டிங்கு?" பஸ்ஸே சிரித்தது. முதலாளி சிரிக்கவில்லை. கையைத் தூக்கி வாட்சைப் பார்த்தார். நானும் என் வாட்சைப் பார்த்தேன். சாச்சா மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. பஸ் யாருக்காகவும் நிற்கக் கூடாது என்று எனக்குச் சொன்னவரே அவர்தானே.

தெருமுனையில் சாச்சி வேகவேகமாக வந்தார். பெருநாள் கவுனைப் போட்டால்தான் வருவேன் என்று மகள் அடம்பிடித்தாளாம், அதில்தான் நேரமாகிவிட்டது. சாச்சி பிடித்திழுத்த கையில் அவள். அவளுடைய இன்னொரு கையில் போன். பஸ் பக்கத்தில் வந்ததும் டிரைவர் சீட்டில் 'அந்த ஆளை'ப் பார்த்துவிட்டு, சாச்சியின் துப்பட்டாவுக்குப் பின்னால் போய்விட்டாள்.

சாச்சா தன் போனை எடுத்து அழுத்தினார். அவள் கையில் இருந்தது அடித்தது. அதில் அத்தா தெரிந்தார். அத்தாவுக்குப் பின்னால் சிவப்புத் திரைச்சீலை, பஸ் கண்ணாடி. அவள் போனைப் பார்த்தாள். தலையைத் தூக்கி பஸ்ஸைப் பார்த்தாள். அதே திரைச்சீலை. அதே கண்ணாடி. போனில் இருந்தவர் கையை ஆட்டினார். பஸ்ஸில் இருந்தவரும் ஆட்டினார். மறுபடி போன், மறுபடி பஸ். டீ கிளாஸோடு நின்ற கடைக்காரர் முதல் கடைசிச் சீட்டு வரை எல்லோரும் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அத்தா," என்றாள், போனைக் கீழே இறக்கிவிட்டு, நேராக அவரைப் பார்த்து. "வெளிய வந்துட்டியா?"

சாச்சா தலையை மட்டும் ஆட்டினார்.

"ஏறு கண்ணு, ஏறு" என்று மீன்கார அம்மாதான் குரல் கொடுத்தார். அதுவரை விறைப்பாக நின்ற கண்டக்டர் அவளைத் தூக்கி, தளும்பும் பாத்திரத்தைக் கொண்டுபோவது போலப் பதமாக நடந்து, சாச்சாவுக்குப் பக்கத்தில் இன்ஜின் மூடியின் மேல் விரித்திருந்த மெத்தையில் உட்கார வைத்தார். அவள் கையை நீட்டி சாச்சாவின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். தாடி குத்தியிருக்க வேண்டும், சிரித்தாள். கண்டக்டர் விசிலை எடுத்தவர், ஊதாமல் வாயாலேயே மெதுவாக "ரைட்" என்றார்.

பஸ் கிளம்பியது. எனக்கு மனசு ஆறவில்லை. டிக்கெட்கூட வாங்காத ஒரு ஆளுக்காக இவ்வளவு நேரம் நின்றது எந்த ஊர் நியாயம்? யாரும் எதுவும் சொல்லாததால் நானே கடமையைச் செய்தேன்.

"சார், பஸ்ஸு லேட்டு" என்றேன் முதலாளியிடம்.

"தெரியும்மா" என்றார் அவர். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கர்சீப்பால் மூக்கைத் துடைத்தார். உப்புக்காற்று ஏறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, சாவியை எப்போது கேட்கப் போகிறார் என்று மரக்காணம் வந்து சேரும் வரைக்கும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.