பேரிங் பலகையும் ஓர் எலுமிச்சம்பழமும்

எனக்கு வயது எழுபது. ஏழு பேரை வளர்த்து ஆளாக்கியிருக்கிறேன். ஐந்து பேர் என் வயிற்றில் பிறந்தவர்கள், இரண்டு பேர் என் தங்கச்சி விட்டுப்போனவர்கள். எட்டு என்று சொன்னாலும் அது பொய்யில்லை. அந்த எட்டாவது ஆள் என் தம்பி. வரிசைப்படி பார்த்தால் அவன்தான் முதலாவது. எனக்கு ஒன்பது வயது நடந்தபோது அவனுக்கு ஏழு மாதம். பெற்றது அம்மா, தூக்கித் திரிந்தது நான்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புவரைதான் போனேன். அதனால் எழுத்து கோணலாக இருக்கும். சொல்கிற விஷயம் கோணாது.

கொழும்பில் வேலை பார்க்கிற பேரன் போன வாரம் லீவில் வந்தான். அதற்கு முந்தின சனி, ஞாயிறு இரண்டு நாளும் கூட்டாளிகளோடு சறுக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு மூன்று இடங்களுக்குப் போய்வந்தானாம். அந்தப் பலகை ஓட்டுவதற்கென்றே சிமெந்தில் பள்ளமும் மேடுமாகக் கட்டி வைத்திருக்கிறார்களாம். போனில் காட்டினான். முழங்கையில் தோல் உரிந்து காய்ந்திருந்தது.

"இதெல்லாம் ஒங்களுக்கு வெளங்காது அம்மாயி" என்றான்.

அவன் பள்ளிக்கூட நாளில் பாதி எழுதி விட்ட கொப்பி ஒன்று அலுமாரியில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இன்றோடு ஆறு நாளாகிறது.

மலைநாட்டில் வட்டவளைக்கு மேலே இருந்தது எங்கள் தேயிலைத் தோட்டம். என் தாய்மாமன் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் மெசின்களுக்கு எண்ணெய் போடுகிற வேலை பார்த்தார். ஸ்டோரில் தேய்ந்துபோன பேரிங்குகளைத் தூக்கிப்போடுவார்கள். நாலு பேரிங்கும் ஒரு பலகையும் இருந்தால் போதும், இறக்கத்தில் பறக்கலாம். வரிசையாக ஒட்டிக் கட்டின எங்கள் லயத்து வீடுகளில் பெரிய பையன்களிடம் அப்படி ஒன்று இருந்தது. என்னைத் தொடக்கூட விடமாட்டார்கள். எனக்கும் ஒன்று செய்துதரச் சொல்லி மாமாவை ஆறு மாதமாகக் கேட்டேன். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு, விழுந்து பல்லை உடைத்துக்கொண்டால் எவன் கட்டுவான் என்று சிரித்தே தட்டிக்கழித்தார்.

அந்த வாரம் புதன்கிழமை தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. வெள்ளிக்கிழமை பொழுது சாய, தோட்டத்து மருந்துக்காரர் லயத்துக்கே வந்து பார்த்தார். போகும்போது மாமாவை வாசல் சாக்கடைக் கானுக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போய்த் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். மாமா தலையை ஆட்டினார். பிறகு உள்ளே வந்து, அடுப்புக்கு மேலே சாமான் வைக்கிற சப்பு மரப் பலகையைக் கழற்றி இறக்கினார். விளக்கு வைக்கிறதுக்குள் அதில் நாலு பேரிங்கையும் மாட்டி என் காலடியில் வைத்தார்.

ஆறு மாதம் நடக்காத காரியம் ஒரு மணி நேரத்தில் நடந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை. கையில் வந்த சாமானுக்கு யாராவது காரணம் கேட்பார்களா?

சனிக்கிழமை காலையில் என் கையில் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்தார்.

"ஒங்க அத்தை தோட்டத்து ஸ்டோருக்குப் பின்னால ஒரு ரோதை முனி இருக்கு. ரொம்ப சக்தி. இந்தக் கனிய அது காலடியில வச்சிட்டு, துண்ணூறு எடுத்துக்கிட்டு வா. தம்பிக்குப் பூசணும். வெறுங்கையோட போயி எடுத்துராத."

ரோதை முனி என்றால் ஸ்டோரில் சுற்றுகிற சக்கரங்களைக் காவல் காக்கிற சாமி. மெசின் யாருடைய கையையும் பிடித்துவிடாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை.

"ஓடிப்போயிட்டு ஓடி வந்துர்றேன் மாமா."

"அவசரமில்ல. ராத்திரி அத்தை வீட்டுல தங்கிக்க. கூட்டாளிகளையும் கூட்டிக்கிட்டுப் போ. போற வழியெல்லாம் நல்ல எறக்கமாப் பாத்து ஓட்டிட்டு, நாளைக்குப் பொழுது சாய வந்தாப் போதும்."

"தம்பிய யாரு தூக்குறது?"

"நான் தூக்குறேன்."

"மாமா தூக்கினா அழுவான்."

"அழட்டும்" என்றார் மாமா.

அம்மா கதவுப் பக்கம் திரும்பவே இல்லை. தம்பியை மடியில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தாள். நான் குனிந்து அவன் உள்ளங்காலைக் கிள்ளினேன். கிள்ளினால் காலை இழுத்துக்கொண்டு சிரிப்பான். அன்றைக்கு இழுக்கவில்லை. அது காய்ச்சலால் என்று நினைத்துக்கொண்டேன்.

என்னோடு வந்தவர்கள் இரண்டு பேர். முத்தாயி என்னைவிட இரண்டு வயது மூத்தவள், வாய் நீளம். அந்தோனி என் வயது, மாதா கோயில் பிள்ளை. மூன்று பேருக்கும் ஒரே பலகை, ஆளுக்கொரு முறை.

முதல் இறக்கம் எங்கள் தோட்டத்து ஸ்டோர் ரோடு. நான் பலகையில் உட்கார்ந்து பாவாடையை இழுத்துச் செருகினேன்.

"உக்காந்துக்கிட்டுப் போறதுக்குப் பலகை என்னத்துக்குடி? ஒன் பின்பக்கமே போதுமே" என்றாள் முத்தாயி.

"நீ நின்னு போ பாப்போம்."

"எனக்கென்ன, பலகை ஒன்னோடது."

எழுந்து நின்றேன். அப்போது அந்தோனி கையை நீட்டி மறித்தான். "புது லொறிக்கு டயருக்கடியில எலுமிச்சம்பழம் வைக்காம ஓட்டுவாங்களா? விழுந்து செத்துருவ."

"ஒன் மாதா கோயில்ல எலுமிச்சம்பழமா வைக்கிறாங்க?" என்றாள் முத்தாயி. ஆனால் அவள் பார்வை என் மடியில் முடிந்திருந்த முடிச்சின் மேல் இருந்தது.

"இது முனிக்கு. தம்பிக்குத் துண்ணூறு வாங்கணும்" என்றேன்.

"முனி எங்க இருக்கும்?"

"ரோதையில."

"இந்தப் பேரிங் எங்கருந்து வந்துச்சு?"

"ஸ்டோர்லருந்து."

"பெறகென்ன? முனி ஒன் காலுக்கடியிலதான இருக்கு. எதுக்கு மூணு மல தாண்டித் தேடிப் போற?"

அந்த வயதில் அது சரிதானே என்று பட்டது. இறக்கம் வேறு கூப்பிட்டுக்கொண்டிருந்தது. முடிச்சை அவிழ்த்தேன். பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்துத் தள்ளினால் அது வழுக்கி ஓடியது. மூன்று முறை ஓடியது. கடைசியில் முத்தாயி அதைக் காலால் அழுத்திப் பிடிக்க, அந்தோனி பலகையை அதன் மேல் ஏற்றினான். சாறு தெறித்தது. நான் நின்றுகொண்டே இறங்கினேன்.

இத்தனை வருடத்துக்குப் பிறகும் அதைப் பெருமையாகத்தான் சொல்வேன். எங்கள் லயத்துப் பையன்கள் ஒருவன்கூட நின்று ஓட்டினதில்லை. காற்று காதில் கூவியது. தேயிலை இரண்டு பக்கமும் பச்சைத் தண்ணீர் மாதிரி ஓடியது. வளைவில் தூக்கி எறிந்ததில் முழங்கால் பிய்ந்தது. எழுந்து மறுபடியும் ஏறினேன்.

இரண்டாவது இறக்கம் பக்கத்துத் தோட்டத்து ஆஸ்பத்திரி ரோடு, வெறும் கல். பல்லெல்லாம் ஆடியது. மூன்றாவது கினிகத்தேனைப் பக்கம் போகிற தார் ரோடு. அங்கே கல் பரப்பிக்கொண்டிருந்த சிங்களத் தாத்தா ஒருவர் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, "ஹெமின், துவே, ஹெமின்" என்று இரண்டு கையையும் தாழ்த்திக் காட்டினார். மெதுவாகப் போ மகளே என்கிறார். மெதுவாகப் போவதற்கா இத்தனை தூரம் வந்தோம்? நாங்கள் சிரித்துக்கொண்டே அவரைத் தாண்டிப் பறந்தோம்.

அத்தை தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது மூன்று பேரும் மண்ணால் செய்த பிள்ளைகள் மாதிரி இருந்தோம். அத்தை எப்போதும் கையை இறுக்கி அளந்து பரிமாறுகிறவள். அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பை என் தட்டில் இரண்டு முறை ஊற்றினாள். எண்ணெய் வைத்துத் தலை சீவிவிட்டாள். "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போயேன்" என்றாள். பலகை ஓட்டினதற்குக் கிடைத்த மரியாதை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டோருக்குப் பின்னால் போனோம். பழைய தண்ணீர் ரோதை ஒன்று துருப்பிடித்து நின்றது. அதன் அடியில் குங்குமம் அப்பின ஒரு கல், பக்கத்தில் சிரட்டையில் திருநீறு. கை நீட்டினால் எட்டும். நான் நீட்டவில்லை. வெறுங்கை. மாமா சொன்னது காதில் இருந்தது. முனி என் காலுக்கடியில் இருக்கிறது என்று முத்தாயி சொன்னதெல்லாம் அந்தக் கல்லின் முன்னால் நிற்கும்போது செல்லுபடியாகவில்லை. அவளும் மெதுவாகப் பின்னால் நகர்ந்து நின்றாள்.

திரும்ப அத்தை வீட்டுக்குப் போய், அவள் தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து, அடுப்பிலிருந்து ஒரு பிடி சாம்பலை அள்ளி வாழைச்சருகில் மடித்தேன். வெளியே சொன்னால் நாக்கு அழுகிப்போகும் என்று மூன்று பேரும் சத்தியம் செய்தோம்.

திரும்பி வரும்போது யாரும் பலகை ஓட்டவில்லை. ஆளுக்குக் கொஞ்ச தூரம் தூக்கினோம். ஒவ்வோர் அடிக்கும் எனக்கு ஒரே நினைப்புத்தான்: முனி ஏமாந்துவிட்டதா, கோபித்துக்கொண்டதா? தம்பி காலை இழுத்துக்கொண்டு சிரிப்பானா, மாட்டானா?

எங்கள் லயத்துக்கு மேலே ஒரு வளைவு உண்டு. அங்கே நின்றால் லயத்துச் சத்தம் முழுவதும் கேட்கும். நான் நின்று கேட்டேன். எங்கள் தோட்டத்தில் யார் கண்ணை மூடினாலும் தப்புப் பறை கொட்டுவார்கள். மூன்று மலைக்குக் கேட்கும். தப்புச் சத்தத்தை வைத்துத்தான் செத்தது ஆணா பெண்ணா, எந்த லயம் என்றெல்லாம் பிள்ளைகள் நாங்கள் சொல்லிவிடுவோம். அன்றைக்குக் கோழி கூவுகிற சத்தம் கேட்டது. பீலியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. தப்புச் சத்தம் இல்லை.

"கேக்குதா?" என்றேன்.

"ஒண்ணும் கேக்கல" என்றான் அந்தோனி.

என் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. பலகையைக் கீழே வைத்து ஏறினேன். அந்தக் கடைசி இறக்கம் முழுவதையும் நின்றுகொண்டே, ஒரு தடவைகூட விழாமல் இறங்கினேன். "டேய் தம்பி, அக்காவப் பாருடா" என்று கத்திக்கொண்டே வந்தேன்.

லயத்தில் எங்கள் ஒற்றை அறை, அந்தக் காம்பரா வாசலில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியும் என்னைத் திட்டவில்லை. எழுந்து வழிவிட்டார்கள்.

தம்பியைக் குளிப்பாட்டி வெள்ளைத் துணியில் படுக்க வைத்திருந்தார்கள். காய்ச்சல் விட்டால்தானே குளிப்பாட்டுவார்கள்? நான் வாழைச்சருகை நீட்டினேன். அம்மா அதை வாங்கிப் பிரித்தாள். அடுப்புச் சாம்பல் எது, திருநீறு எது என்று தினம் அடுப்பு மெழுகுகிறவளுக்குத் தெரியாமலா போகும்? ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அதையே எடுத்து அவன் நெற்றியில் நீளமாகப் பூசினாள்.

மாமா என் பக்கத்தில் வந்து குந்தினார்.

"குட்டி, அந்தப் பலகைய மாமாவுக்குத் தர்றியா? இன்னைக்கு ஸ்டோர் பூட்டியிருக்கு. வேற பலகை இல்ல."

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்தேன். "முனி கேட்டுச்சா மாமா?"

அவர் பலகையின் விளிம்பைத் தடவினார். "ஆமா."

"குடுத்தா தம்பிக்கு சொகமாயிருமா?"

"இனிமே அவனுக்கு ஒண்ணும் வலிக்காது" என்றார்.

பாவாடையால் பலகையைத் துடைத்துக் கொடுத்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் யாருக்கும் கொடுத்ததில்லை. லயத்துக்குப் பின்னால் சுத்தியல் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மாமா ஒரு பெட்டியை, மேலே துணி போர்த்தித் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். பின்னால் அப்பா மண்வெட்டியோடு போனார். பக்கத்துக் காம்பரா அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு, தம்பியைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறார்கள் என்றாள். சன்னல் விளிம்பில் நாலு பேரிங்கும் இருப்பதை அப்போதுதான் பார்த்தேன். வாரிக்கொண்டு ஓடினேன்.

"மாமா, சக்கரத்த மறந்துட்டீங்க."

மாமா திரும்பவில்லை. அப்பாதான் நின்றார். என் கையை மூடி, பேரிங்குகளை என்னிடமே விட்டுவிட்டு நடந்தார்.

எத்தனையோ நாள் வாசலில் உட்கார்ந்து அவன் வருவான் என்று பார்த்தேன். பல் முளைக்காத பிள்ளைக்குத் தப்பு அடிப்பதில்லை என்று எனக்குப் பன்னிரண்டு வயதில், மேல் லயத்துப் பிள்ளை ஒன்று போனபோதுதான் தெரிந்தது. அன்றைக்கும் இப்படித்தான், ஒரு சத்தமும் இல்லாமல், தோளில் ஒரு பெட்டி. மாமா எதற்காக என்னை இரண்டு நாள் மலை மலையாக அனுப்பினார் என்பது அதற்கும் பல வருடம் கழித்து, நானே பிள்ளை பெற்ற பிறகு விளங்கியது. அந்தச் சாம்பலைப் பற்றி அம்மா ஒருநாளும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அம்மா காலம் முடியும்வரை இரண்டு பேரும் அதை உள்ளே வைத்துக்கொண்டே வாழ்ந்தோம்.

இந்தாப்பா பேரா, கொப்பியைப் பிடி. எழுத்துப் பிழையைப் பார்த்துப் பிறகு சிரிக்கலாம், இப்போது சத்தமாக வாசி. லயத்துக்கு மேலே அந்த வளைவு வருகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் நிறுத்து. நான் இன்னொரு தடவை காது கொடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.