பந்திக்குப் போன எருமை

போன வெள்ளிக்கிழமை சிறுவாச்சூரிலிருந்து பெரம்பலூர் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். நெடுஞ்சாலை ஓட்டல் ஒன்றில் ஏழு மாதமாகப் பரோட்டா மாவு பிசைந்தவன், அன்றைக்கு மதியம் தோள்பட்டை போதும் என்றதால் கிளம்பிவிட்டேன். சண்டை ஒன்றும் இல்லை. பையை எடுத்துக்கொண்டு ‘வரேன்’ என்றேன். ‘சரி’ என்றார்கள். என்னுடைய பெரும்பாலான வேலைகள் இந்த இரண்டு சொற்களில்தான் முடிந்திருக்கின்றன.

வெள்ளிக்கிழமை என்பதால் கோயிலுக்கு வந்த வண்டிகள் சாலையோரம் நெடுகிலும் நின்றன. ஒரு புளியமரத்தடியில் போர்வையை விரித்துக் குடும்பமாக உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் மூன்று வயதுப் பெண் ஒன்று, மடியில் படப் புத்தகத்தை வைத்துக்கொண்டு வாயில் இருந்த சோறு வெளியே விழ விழச் சிரித்தது. புத்தகம் தலைகீழாக இருந்தது. அப்படி என்னதான் இருக்கிறது என்று நானும் கழுத்தை வளைத்துப் பார்த்தேன். கால்சட்டை போட்ட கரடி ஒன்று.

“என்னண்ணே வேணும்?” என்றார் அந்தப் பெண்ணின் அப்பா.

“ஒண்ணுமில்லப்பா. படம் பாத்தேன்.”

“நேரா திருப்பிக் குடுத்தா அழுவுறா. தலைகீழா இருந்தாத்தான் சிரிப்பு வருதாம்.”

நியாயம்தான். கால்சட்டை போட்ட கரடி நேராக நின்றால் யாரோ ஒரு பெரிய மனிதர் மாதிரி இருக்கும். தலைகீழாக நின்றால்தான் அது கரடி. இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டு பேசுகிறேன் என்பதை நீங்கள் நம்ப வேண்டும். ஒரு காலத்தில் நான் புத்தகம் விற்றவன். ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டவன், எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன், பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே ஓடும் பஸ்களில் ஒன்றரை வருஷம் புத்தகம் விற்றேன்.

அது எப்படி விற்பது என்று இப்போது இருக்கிறவர்களுக்குத் தெரியாது. பெரம்பலூர்ப் பழைய பஸ் நிலையத்தில் வண்டி நிற்கும்போதே ஏறிவிட வேண்டும். யாரிடமும் வேண்டுமா என்று கேட்கக் கூடாது. கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். குழந்தை வைத்திருக்கிறவர்களாகப் பார்த்து மடியில் ஒவ்வொரு புத்தகம் போட்டுக்கொண்டே கடைசி சீட்டு வரை போக வேண்டும். பிறகு திரும்பி வந்து கம்பியைப் பிடித்து நின்று பேச வேண்டும். பேசி முடித்ததும் மறுபடி கடைசி வரை ஒரு நடை. புத்தகம் திரும்பி வரும், அல்லது காசு வரும். குழந்தை கையில் பிடித்துவிட்டால் காசுதான். மடியில் போடுவதும் பேசுவதும் அந்தப் பிடி விழுவதற்காகத்தான்.

சின்ன வெங்காயம் அறுவடையாகும் மாதங்களில் பஸ்ஸுக்குள் மூட்டைகள் வழியை அடைத்துக் கிடக்கும். புத்தகக் கட்டை நான் மூட்டை மேல்தான் வைப்பேன். ‘புக்கு வெங்காயம் நாறுது’ என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. இன்றைக்கும் வெங்காயம் உரிக்கும்போது எனக்குக் கண்ணீருக்கு முன்னால் புது அச்சு மை ஞாபகம் வரும். ஓட்டலில் இதைச் சொன்னேன். மாஸ்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

விற்றது ஒரே ஒரு புத்தகம்தான். பெரம்பலூரில் சின்ன அச்சகம் வைத்திருந்த முதலாளி, கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் அடித்த நேரம் போக, தானே பாட்டு எழுதி, தானே அடித்த குழந்தைப் புத்தகம். நல்ல மனிதர். வெள்ளை வேட்டி, கனத்த உடம்பு, மெதுவான நடை. பஸ்ஸில் விற்க ஆள் வேண்டும் என்றார். எனக்குப் பஸ்ஸில் சும்மா போக வேண்டும். சேர்ந்தேன்.

பன்னிரண்டு பக்கம். பக்கத்துக்கு ஒரு எருமை. முதல் பக்கத்தில் எருமை வாசலில் நின்று வாயைக் கொஞ்சமாகத் திறந்துகொண்டு வீட்டுக்குள் பார்க்கும். அடுத்த பக்கத்தில் கொம்பில் சோப்பு டப்பா தொங்கும். அதற்கடுத்து கழுத்தில் துண்டு. பிறகு கண்ணாடி முன்னால் நின்று, தலையில் இருக்கிற மூன்றே மூன்று முடியை வகிடெடுத்துச் சீவும். அந்த முகத்தில் இருக்கிற கவனத்தை நீங்கள் பார்க்க வேண்டும். கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போகிறவன்கூட அவ்வளவு கவனமாகச் சீவ மாட்டான். கடைசிப் பக்கத்தில் எருமை சேற்றில் படுத்து, வாயில் ஒரு வாழை இலையை வைத்துக்கொண்டு, கண்ணை மூடியிருக்கும்.

படத்துக்குக் கீழே முதலாளியின் பாட்டு இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்து அதை மனப்பாடம் செய்ய எனக்குப் பொறுமையில்லை. படம்தான் இருக்கிறதே, அப்புறம் எழுத்து எதற்கு? ஒருவன் சோப்பு, துண்டு, சீப்பு என்று தேடித் தேடித் தயாராகிறான் என்றால் எங்கே போவான்? கல்யாணத்துக்குத்தான் போவான். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு இப்படித்தான் சொன்னேன்:

“எருமை மாமா கல்யாணத்துக்குப் போறாருங்க. பத்திரிகை வச்சாச்சு. குளிக்கணும்ல? சோப்பு எங்கே? கொம்புலதான் மாட்டியிருக்கு, அவருக்குத் தெரியல. தலை சீவுறாரு. மூணு முடி. ஒண்ணு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம். நடு முடி எந்தப் பக்கம் போறதுன்னு யோசிக்குது. அதுக்குள்ள அங்க முகூர்த்தம் முடிஞ்சுபோச்சு. பந்தியும் முடிஞ்சுபோச்சு. மண்டபத்துக்குப் பின்னாடி பாத்தா இலையெல்லாம் கெடக்கு. எல்லாரும் சோத்தைத் தின்னுட்டு இலையை விட்டுட்டாங்க. எருமை மாமா இலையைத் தின்னுட்டு சோத்தை விட்டுட்டாரு. யாருக்குங்க நல்ல சாப்பாடு?”

நடு முடியில் குழந்தைகள் சிரிக்கத் தொடங்கும். இலையில் பெரியவர்களும் சேர்ந்துகொள்வார்கள். பேரளி தாண்டுவதற்குள் கட்டு பாதியாகிவிடும். ஒன்றரை வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது இதுதான்: சின்னக் குழந்தைக்குப் பெரிய உடம்பு ஒன்று சின்ன விஷயத்துக்காகக் கஷ்டப்படுவதைப் பார்த்தால் தாங்காது. வீட்டில் அது தினமும் பார்க்கிற காட்சிதானே. அதைப் பார்த்துச் சிரிக்கப் புத்தகத்தில்தான் இடம் கொடுக்கிறோம்.

ஒரு நாள் பேரளியில் ஒரு அம்மா, நாலு வயதுப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினார். என்னைப் பார்த்ததும் நேராக வந்தார்.

“ஏங்க, போன வாரம் உங்ககிட்டதான வாங்குனேன்? புக்குல கல்யாணமே இல்லையே.”

“இல்லீங்களா?”

“குளி, பல்லு வெளக்கு, சேத்துல வெளையாடாதன்னுதான் போட்ருக்கு. அதைப் படிச்சுக் காமிச்சா இவன், ‘அம்மா, ஒனக்குப் படிக்கத் தெரியல, அந்த மாமாவுக்குத்தான் தெரியும்’ங்குறான். பத்தாவது படிச்சவ நானு. எங்க மாமியாரும் சேந்துகிட்டு சிரிக்குது. எழுதுனவன் எவனோ தெரியல, ஒரு எழவும் நல்லால்ல. கல்யாணத்தையாச்சும் சேத்து எழுதியிருக்கலாம்ல?”

பஸ்ஸே சிரித்தது. முன்சீட்டில் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. மெதுவாகத் திரும்பினார். எழுதினவரேதான். அரியலூரில் ஏதோ கல்யாணப் பத்திரிகை வேலையாகப் போகிறார். அதுவரை என் கண்ணில் அவர் படவே இல்லை.

என் வேலை அங்கேயே போயிற்று என்றுதான் நினைத்தேன். வாயை மூடிக்கொண்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கியிருக்கலாம். ஆனால் அந்தப் பையன் என் சட்டையைப் பிடித்து, “நடு முடி சொல்லு” என்றான். முதலாளி பார்த்துக்கொண்டிருக்கிறார். பையனும் பார்த்துக்கொண்டிருக்கிறான். பையன்தான் பக்கத்தில் இருந்தான். சொன்னேன். நடு முடியிலிருந்து இலை வரை முழுசாகச் சொன்னேன். பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

அரியலூரில் இறங்கியதும் முதலாளி என்னைக் காப்பி குடிக்கக் கூட்டிப்போனார். குடித்து முடித்து டம்ளரை வைத்தார்.

“நான் எழுதுனதுல ஒரு வரியாச்சும் படிச்சியா?”

“எழுத்துக் கூட்டித்தான் சார் வரும். நேரமாவும்.”

“அதான் பாத்தேன்.” பிறகு, “அந்தப் பாட்டை எழுத எனக்கு மூணு மாசம் ஆச்சு” என்றார். திட்டியிருந்தால் தேவலை. நான் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“வியாழக்கிழமை பிரஸ்ஸுக்கு வா. நீ சொல்லு, நான் எழுதிக்கிறேன். அடுத்த தடவை அதையே போட்டுடுவோம். கதை நீன்னு உன் பேரையும் அட்டையில போடுறேன்.”

என் பெயர் அச்சில் வந்தது அதுவரை ஒரே இடத்தில், ரேஷன் கார்டில். அதிலும் தப்பாக. புத்தகத்தின் அட்டையில் என் பெயர் என்றதும் எனக்கு என்னவோ செய்தது. மூன்று நாள் ஒழுங்காகத் தூக்கம் வரவில்லை. எனக்குப் பாடம் எடுத்த வாத்தியார் யாராவது உயிரோடு இருந்தால் கொண்டுபோய் ஒரு புத்தகம் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் யோசித்தேன். எந்த வேலையையும் அப்படி நான் விரும்பியதில்லை. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

வியாழக்கிழமை சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு போனேன். முதலாளி வீட்டின் முன்பகுதிதான் அச்சகம். மண்ணெண்ணெயும் மையும் கலந்த வாசனை. முதலாளி குளித்துக்கொண்டிருந்தார். அவர் மருமகள் மல்லிகா அக்கா தரையில் உட்கார்ந்து தாள் மடித்துக்கொண்டிருந்தார். எருமைப் படங்கள் எல்லாம் அவர் வரைந்தவை. எனக்கு அதுவரை அது தெரியாது, புத்தகத்தில் அவர் பெயர் இல்லை.

“நீதானா அது? கல்யாணத்துக்கு அனுப்பிவச்சவன்?” என்று சிரித்தார்.

“கல்யாணம் இல்லியாக்கா அது?”

“கல்யாணமும் இல்ல, பாட்டும் இல்ல.” மடித்த தாளை நகத்தால் அழுத்திக்கொண்டே உள்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். “நான் சும்மா வரைஞ்சு வச்சிருந்தேன். மாமா பாத்துட்டு, நல்லாருக்கே, நான் பாட்டு எழுதுறேன்னுட்டாரு. யாரைப் பாத்து வரைஞ்சேன்னு அவருக்குத் தெரியாது. இரு, இப்ப குளிச்சுட்டு வருவாரு. நீயே பாத்துக்க. யாருகிட்டயும் சொல்லிடாத தம்பி, என்னைய வூட்ட விட்டே தொரத்திடுவாங்க.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. முதலாளி வந்தார். ஈரத் தலையோடு நாற்காலியில் உட்கார்ந்தார். வெள்ளைத் தாளை எடுத்து வைத்தார். “ம், ஆரம்பி” என்றார். நானும் கையைக் கட்டிக்கொண்டு, பரீட்சைக்கு வந்தவன் போல, “எருமை மாமா கல்யாணத்துக்குப் போறாருங்க” என்றேன். முதலாளி எழுதக் கையைத் தூக்கினார். பேனா இல்லை.

“மல்லிகா, பேனா எங்க?”

எழுந்து தேடினார். ஈரம் தாளில் சொட்டியது. “துண்டு எங்க?” துண்டு தோளில்தான் கிடந்தது. “சீப்பை எங்க வச்ச?” என்று உள்கதவு வரை மெதுவாக நடந்துபோய், நிலைப்படியில் நின்று, வாயைக் கொஞ்சமாகத் திறந்துகொண்டு, வீட்டுக்குள் பார்த்தார்.

முதல் பக்கம். அச்சு அசல் முதல் பக்கம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கினேன். அடக்கியது மூக்கு வழியாக வந்தது. முதலாளி திரும்பினார். அவர் நெற்றியில் மூன்று முடி ஒட்டியிருந்தது. அதற்கப்புறம் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பேரளிப் பையன் சிரித்த மாதிரியே சிரித்தேன். மல்லிகா அக்கா தாளை முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். தாள் மட்டும் நடுங்கியது, சிரிப்பா பயமா தெரியவில்லை.

“எதுக்குச் சிரிக்கிற?”

“ஒண்ணுமில்ல சார்.”

“நான் எழுதுறது சிரிப்பா இருக்கா?”

“இல்ல சார்.”

“அப்ப எதுக்கு?”

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் புரிந்துகொண்டிருப்பார். ஒருவேளை அவரும் சிரித்திருக்கலாம், எனக்குத் தெரியாது. சொன்னால் என் பெயர் அட்டைக்குப் போகும், அக்காவின் பாடு என்ன ஆகுமோ. தாளுக்கு மேலே அவர் கண்கள் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

“சும்மா வந்துச்சு சார்.”

முதலாளி வெள்ளைத் தாளை மடித்து மேஜைக்குள் வைத்தார். “படிக்காத பயலுக்கு மரியாதை குடுத்தேன் பாரு” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் விற்காமல் கொண்டுவந்திருந்த புத்தகக் கட்டைத் திண்டின் மேல் வைத்துவிட்டு, “வரேன் சார்” என்றேன். அவர் ‘சரி’கூடச் சொல்லவில்லை.

அந்த அச்சகம் இருந்த இடத்தில் இப்போது செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டுகிறார்கள். முதலாளி காலமாகிவிட்டார். மல்லிகா அக்கா மகனோடு திருப்பூர் போய்விட்டதாகச் சொன்னார்கள். பஸ்ஸில் மடியில் சாமான் போட்டுவிட்டுப் போகிறவர்கள் இல்லை. போட்டாலும் மடியில் இடமில்லை, அங்கே செல்போன் இருக்கிறது. எருமைப் புத்தகம் ஒன்றுகூட என் கையில் இல்லை. அத்தனை விற்றவன் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. பேரளிப் பையனுக்கு இப்போது முப்பது வயதாவது இருக்கும். நடு முடி எந்தப் பக்கம் போயிற்று என்று அவனுக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ.

அந்த வியாழக்கிழமை பெரம்பலூரிலிருந்து கிளம்பியவன், பஸ்ஸில் ஏற மனமில்லாமல் பாதித் தூரம் நடந்து, பாதித் தூரம் டிராக்டரில் உட்கார்ந்து அரியலூர் போய்ச் சேர்ந்தேன். மறுநாள் காலை சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டும் வேலை கிடைத்தது. கல் குவியலின் மேல் ஏறி நின்று கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தேன். உடம்பெல்லாம் வெள்ளைத் தூசி. கீழே நின்ற டிரைவர் அண்ணாந்து பார்த்து, “என்னய்யா, வந்த மொத நாளே தனியா சிரிச்சுக்கிட்டிருக்க?” என்றார்.

“சும்மாண்ணே” என்றேன்.